போர்டில் இருப்பது உண்மையாக இருக்க: ஸ்க்ரம் அணியில் யார் எதற்குப் பொறுப்பு?

வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு டெமோ. க்ளையன்ட் பக்கத்தில் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ரத்தான பில்லுக்கு கிரெடிட் நோட் போடும் வசதியைக் காட்டச் சொன்னார்கள். அணியின் வேலைகளைக் காட்டும் போர்டில் அந்த டிக்கெட் (ஒரு வேலைக்கான குறிப்பு) இரண்டு நாளாக 'முடிந்தது' வரிசையில்தான் இருந்தது. திறந்து பார்த்தால் திரையில் பழைய பக்கமே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்டர் மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, அது டெஸ்டுக்கே வரலையே."

பிறகு உட்கார்ந்து விசாரித்தபோது, யாரும் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. டெவலப்பர் 'முடிச்சாச்சு' என்று சாட்டில் போட்டிருந்தார். கோட் மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது அணியின் பொதுவான கோடோடு சேர்ந்துவிட்டது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. நான் அதைப் படித்துவிட்டு, மாலையில் வழக்கம்போல டிக்கெட்டை நகர்த்தினேன். ப்ராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவுசெய்பவர்) போர்டைப் பார்த்து, 1-ஆம் தேதியிலிருந்து வந்துவிடும் என்று கணக்குப் பிரிவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க அவர்கள் கிரெடிட் நோட்டைக் கையால் போட்டார்கள்.

நான் அப்போது ஸ்க்ரம் மாஸ்டராகி 4 மாதம். ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை, அதை அணிக்குக் கற்றுக்கொடுப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். போர்டை அன்றாடம் சரியாக வைத்திருப்பது என் வேலை என்று நினைத்திருந்தேன். அணியில் மற்றவர்களும் அப்படியே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பைச் சரிசெய்ய எங்களுக்கு 3 ஸ்ப்ரின்ட் (அப்படி ஒரு சுற்றுக்குப் பெயர் ஸ்ப்ரின்ட்) ஆனது. நீங்கள் புதிதாக ஸ்க்ரம் மாஸ்டராகவோ ப்ராடக்ட் ஓனராகவோ டெவலப்பராகவோ ஓர் அணிக்குள் வந்திருந்தால், அதே வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்க இந்தப் படிகள் உதவும்.

1. முதலில் மூன்று பொருளையும் பிரித்துப் பாருங்கள்

'வெளிப்படைத்தன்மை எல்லோருடைய பொறுப்பு' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அது யாருடைய பொறுப்பும் ஆகாது. வெளிப்படையாக இருக்க வேண்டியவை மூன்று: ப்ராடக்ட் பேக்லாக் (ப்ராடக்ட்டில் செய்ய வேண்டியவற்றின் வரிசைப் பட்டியல்), ஸ்ப்ரின்ட் பேக்லாக் (இந்த ஸ்ப்ரின்டுக்கு எடுத்த வேலைகளும் திட்டமும்), ஸ்ப்ரின்டில் உருவாகும் இன்க்ரிமென்ட் (பயன்படுத்தும் நிலையில் முடிந்த வேலை). 2020 நவம்பரில் வந்த ஸ்க்ரம் கைடு இவற்றுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. அது இலவசமாகக் கிடைக்கிறது, சின்னக் கையேடுதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள்.

ப்ராடக்ட் பேக்லாக் கண்ணில் படும்படியும், படித்தால் புரியும்படியும் இருக்கிறதா என்பதற்கு ப்ராடக்ட் ஓனர் பொறுப்பு. அவர் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவரேதான். ஸ்ப்ரின்ட் பேக்லாக் டெவலப்பர்களுடையது. அதை உருவாக்குவதும், தினமும் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றுவதும் அவர்கள் வேலை. 'முடிந்தது' என்பதற்கான வரையறையைப் பின்பற்ற வேண்டியதும் அவர்கள்தான். இதில் டெஸ்டரும் டெவலப்பர்தான் என்பதை மறக்க வேண்டாம். ஸ்க்ரமில் 'டெஸ்டிங் டீம்' என்று தனியாக ஒரு பொறுப்பு கிடையாது.

அப்படியென்றால் ஸ்க்ரம் மாஸ்டருக்கு என்ன வேலை? இந்த மூன்றிலும் எங்கே உண்மைக்கும் எழுதியிருப்பதற்கும் இடையே விரிசல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதை அணியே மூடக் கற்றுக்கொடுப்பதும்தான். டிக்கெட்டை அவர் நகர்த்த வேண்டியதில்லை.

2. ஒரு பக்கப் பொறுப்புத் தாள் எழுதுங்கள்

ஆகும் நேரம் 1 மணி. அணி முழுவதும் உட்கார வேண்டும். செலவு ஒன்றுமில்லை. அணி வழக்கமாகத் திறந்து பார்க்கும் இடத்தில் தாளை வையுங்கள். எங்கள் தாளில் 6 வரிகள்தான் இருந்தன:

- பேக்லாக் வரிசை மாறினால்: ப்ராடக்ட் ஓனர் அன்றே மாற்றி, காரணத்தை ஒரு வரியில் எழுதுவார்.
- டிக்கெட்டின் நிலை: யார் கையில் வேலை இருக்கிறதோ அவரே நகர்த்துவார். வேறு யாரும் தொடக்கூடாது.
- 'முடிந்தது' வரிசை: வேலை செய்தவரும் சோதித்தவரும் சேர்ந்து பார்த்த பிறகே.
- தடை: பார்த்தவர் அன்றே டிக்கெட்டில் குறிப்பார். அணியால் தீர்க்க முடியாதது 1 நாளுக்கு மேல் நின்றால் ஸ்க்ரம் மாஸ்டர் கையில் எடுப்பார்.
- ஸ்ப்ரின்ட் இலக்கு ஆபத்தில் இருந்தால்: டெவலப்பர்கள் ப்ராடக்ட் ஓனரிடம் அன்றே பேசுவார்கள். டெமோ வரை காத்திருக்கக் கூடாது.
- வெளியே தேதி சொல்வது: ப்ராடக்ட் ஓனர் மட்டும்.

இரண்டாவது வரிதான் எங்களை மாற்றியது. முதல் வாரம் போர்டு அலங்கோலமாக இருந்தது. பாதி டிக்கெட் நகரவே இல்லை. மாலை 6 மணிக்கு எனக்குக் கை துறுதுறுத்தது. நகர்த்தவில்லை. ஐந்தாம் நாள் ஒரு டெவலப்பர் தானாகவே, "என்னுடைய இரண்டு டிக்கெட் தப்பான இடத்தில் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன்" என்றார். அந்த ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம்: சிலர் இதையே 40 வரி அட்டவணையாகப் போடுவார்கள். செய்பவர், ஒப்புதல் தருபவர், ஆலோசனை சொல்பவர், தகவல் பெறுபவர் என்று நாலு கட்டம். இரண்டாவது வாரம் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

3. 'முடிந்தது' என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எங்கள் கிரெடிட் நோட் கதை முழுவதும் இங்கேதான் உடைந்தது.

அணியில் எல்லோரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, 'ஒரு டிக்கெட் முடிந்தது என்று எப்போது சொல்வீர்கள்?' என்று பேசாமல் எழுதச் சொல்லுங்கள். 5 நிமிடம் போதும். பிறகு வரிசையாகப் படியுங்கள். எங்கள் அணியில் 7 பேர், 5 விதமான பதில். ஒருவர் 'கோட் ரிவ்யூ முடிந்தால்' என்றார். ஒருவர் 'க்ளையன்ட் ஒத்துக்கொண்டால்'. ஒருவர் 'என் மெஷினில் ஓடினால்' என்று எழுதியிருந்தார். அவர் அதை நேர்மையாக எழுதியதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன், அதிலிருந்துதான் உண்மையான பேச்சே தொடங்கியது.

பேசி முடித்து நாங்கள் எழுதியது:

- கோட் மெயின் கிளையில் மெர்ஜ் ஆகியிருக்க வேண்டும், எழுதியவர் அல்லாத ஒருவர் ரிவ்யூ செய்திருக்க வேண்டும்.
- தானியங்கிச் சோதனைகள் எழுதி, எல்லாம் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.
- டெமோ காட்டும் சர்வரில் டெப்ளாய் ஆகியிருக்க (ஏற்றப்பட்டிருக்க) வேண்டும்.
- ஏற்பு நிபந்தனைகள் (டிக்கெட்டை ஏற்க எதெல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்ற பட்டியல்) ஒவ்வொன்றையும் அந்தச் சர்வரிலேயே சோதித்திருக்க வேண்டும்.
- பயன்படுத்துபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தால் உதவிக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையெல்லாம் நிறைவேறாத டிக்கெட்டை டெமோவில் காட்டவே கூடாது. அது பேக்லாக்குக்குத் திரும்பும். கேட்கக் கடுமையாக இருக்கும். முதல் ஸ்ப்ரின்டில் எங்களுடைய 9 டிக்கெட்டில் 4 மட்டுமே தேறியது. ப்ராடக்ட் ஓனர் முகம் வாடியது. ஆனால் அந்த 4-ஐ அவர் அன்றே க்ளையன்ட் கையில் கொடுக்க முடிந்தது, அதற்குமுன் ஒரு ஸ்ப்ரின்டிலும் அது நடந்ததில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. உங்கள் நிறுவனத்துக்கென்று ஏற்கெனவே ஒரு தர அளவு இருந்தால் அதுதான் குறைந்தபட்சம். அணி அதற்கு மேலே சேர்க்கலாம், கீழே இறங்கக் கூடாது. ஒரே ப்ராடக்ட்டில் இரண்டு மூன்று அணிகள் வேலை செய்தால், எல்லா அணிக்கும் சேர்த்து ஒரே வரையறைதான். இல்லாவிட்டால் ஓர் அணி 'முடித்த' வேலையில் இன்னோர் அணி தடுக்கி விழும்.

'90 சதவீதம் முடிந்தது' என்ற சொல்லையும் அன்றே அணியை விட்டு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதிலாக 'இன்னும் என்னென்ன பாக்கி?' என்று கேளுங்கள். பட்டியலாகப் பதில் வரும்.

ஆகும் நேரம் 90 நிமிடம். ப்ராடக்ட் ஓனர் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. போர்டை வேலை நடக்கும் விதத்தில் அமையுங்கள்

செலவைப் பற்றி முதலில். போர்டை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருளான ஜிராவின் இலவசத் திட்டத்தில் 10 பேர் வரை சேரலாம். ஸ்க்ரம் அணியே பொதுவாக 10 பேருக்குள்தான் என்பதால், ஒரே அணிக்கு அது போதும். ஆனால் பார்வையாளராக ஒரு மேனேஜரையும் க்ளையன்டையும் சேர்த்தால் எண்ணிக்கை தாண்டிவிடும், தாண்டினால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே அறையில் உட்காருபவர்கள் என்றால் ஒரு வெள்ளைப் பலகையும் ஒட்டுத்தாளும் போதும். எனக்குத் தெரிந்து அதைவிட நன்றாகக் கண்ணில் படும் போர்டு கிடையாது.

வரிசைகளை உங்கள் அணி உண்மையில் வேலை செய்யும் முறைக்கு ஏற்ப வையுங்கள். எங்களிடம் முதலில் 'செய்ய வேண்டும், நடக்கிறது, முடிந்தது' என்ற மூன்றுதான் இருந்தன. கிரெடிட் நோட் டிக்கெட் 'நடக்கிறது' வரிசையில் 6 நாள் நின்றது. அந்த 6 நாளில் கோட் எழுதியது 2 நாள்தான். மீதி 4 நாள் ரிவ்யூவுக்குக் காத்திருந்தது. போர்டைப் பார்த்தால் டெவலப்பர் மெதுவாக வேலை செய்வதுபோலத் தெரிந்தது. பாவம், அவர் தினமும் இரண்டு பேரிடம் ரிவ்யூ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 'ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது', 'டெஸ்டுக்குத் தயார்' என்று இரண்டு வரிசை சேர்த்தவுடன், நெரிசல் எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காத்திருப்பதற்கென்று தனி வரிசை அவசியம் வையுங்கள். வேலை தேங்குவது அங்கேதான்.

ஒவ்வொரு வரிசைக்கும் மேலே, எது நடந்தால் டிக்கெட் இங்கே வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். ரிவ்யூ வரிசையில் ஒரே நேரத்தில் 3 டிக்கெட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்று நாங்கள் உச்சவரம்பு வைத்தோம். மூன்று நின்றால் புது வேலை எடுக்காமல் ரிவ்யூ செய்ய வேண்டும்.

மாட்டிக்கொள்ளும் இடம்: இரண்டு போர்டு. அணிக்கு ஜிரா, க்ளையன்டுக்கு எக்செல். யாரோ ஒருவர் வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து இதைப் பார்த்து அதை நிரப்புவார். அந்த எக்செலில் மஞ்சளாக இருந்தது பச்சையாகிவிடும். க்ளையன்டுக்கு அதே போர்டைக் காட்ட வழி பார்க்கச் சொல்லி உங்கள் மேனேஜரிடம் கேளுங்கள். உடனே கிடைக்காது. எங்களுக்கு 2 மாதம் ஆனது.

5. தினசரி 15 நிமிடம்

8 பேர் கொண்ட அணி என்றால், தினசரிக் கூட்டத்தின் 15 நிமிடம் ஒரு நாளுக்கு 2 மணி நேர உழைப்பு. இரண்டு வார ஸ்ப்ரின்டில் 10 வேலை நாள் என்றால் 20 மணி நேரம். அதை 'நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன், இது தடை' என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் ஒப்பிப்பதில் வீணாக்காதீர்கள். அந்த மூன்று கேள்விகள் 2020 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. இன்னும் பல இடங்களில் பழக்கத்தால் தொடர்கிறது.

கூட்டத்துக்கு வரும் முன்பே அவரவர் டிக்கெட்டை அவரவர் நகர்த்தியிருக்க வேண்டும். பிறகு போர்டை வலப்பக்கத்திலிருந்து, அதாவது முடிவுக்கு நெருக்கமான டிக்கெட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 'இது இன்று முடிய என்ன வேண்டும்?' என்பது ஒன்றே கேள்வி. இது டெவலப்பர்களின் கூட்டம். பேசுபவர் ஸ்க்ரம் மாஸ்டரைப் பார்த்துப் பேசினால், அது ஸ்டேட்டஸ் மீட்டிங் ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு, எல்லோரும் போர்டைப் பார்க்கும்படி உட்கார்ந்தேன். அந்தச் சின்ன மாற்றத்துக்கே பலன் இருந்தது.

6. ப்ராடக்ட் ஓனர் பக்கம்: பக்கவாசலை மூடுங்கள்

டெவலப்பர்களின் போர்டு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், வேலை போர்டுக்கு வராமலே உள்ளே நுழைந்தால் பயனில்லை. 'ஒரு சின்ன மாற்றம்தான்' என்று நேராக டெவலப்பருக்குப் போன் வரும். அவர் மறுக்கத் தயங்கி அரை நாள் செலவிடுவார். போர்டில் அது இருக்காது, அவர் தாமதம் மட்டும் தெரியும். நீங்கள் டெவலப்பர் என்றால், சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "சரி சார், செய்யலாம். ப்ராடக்ட் ஓனரிடம் சொல்லி வரிசையில் போடச் சொல்லுங்கள்." பிறகு அந்த அழைப்பைப் பற்றி ப்ராடக்ட் ஓனருக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள்.

ப்ராடக்ட் ஓனராக இருப்பவர் வாரம் 1 மணி நேரம் ஒதுக்கி பேக்லாக்கின் மேல் 15 வரியையாவது படிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று வேறொருவர் படித்தாலே புரிய வேண்டும். ஓராண்டாகத் தொடாத டிக்கெட்டுகளை மூடிவிடுங்கள். 300 டிக்கெட் கொண்ட பேக்லாக்கை யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியாதது வெளிப்படையாக இருக்க வழியில்லை. எத்தனை நாள் வேலை என்ற மதிப்பீட்டை மட்டும் அவர் போடக் கூடாது. அது வேலை செய்பவர்களுடையது.

சென்னையிலிருந்து வேலை செய்து, ப்ராடக்ட் ஓனர் வெளிநாட்டில் இருந்தால் நேரக் கணக்கையும் தாளில் எழுதுங்கள். நியூயார்க்கில் கோடையில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. காலை 10 மணிக்கு எழும் சந்தேகத்துக்கு அன்று மாலைதான் பதில். இங்கே அவருக்குப் பதிலாக ஒருவர் இருந்தால், அவர் எதை முடிவுசெய்யலாம், எதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால், அவர் சொன்னது மூன்று நாளில் மாறும்.

7. ஸ்க்ரம் மாஸ்டர் பக்கம்: வாரம் அரை மணி

புதன்கிழமை 30 நிமிடம். போர்டிலிருந்து ஏதாவது 5 டிக்கெட்டை எடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், 'இது இப்போது எந்த நிலையில் இருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். போர்டில் இருப்பதும் அவர் சொல்வதும் எத்தனையில் ஒத்துப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கியபோது 5-க்கு 2. ஒத்துப்போகாதபோது 'ஏன் மாற்றவில்லை' என்று கேட்காதீர்கள், 'மாற்ற எது தடையாக இருந்தது' என்று கேளுங்கள். ஒருவருக்கு அந்த வரிசைக்கு நகர்த்த அனுமதியே தரப்படவில்லை என்று எனக்கு இப்படித்தான் தெரிந்தது. ஆளின் பெயர் இல்லாமல், எண்ணை மட்டும் ரெட்ரோவில் (ஸ்ப்ரின்ட் முடிவில் வேலை செய்த முறையை அலசும் கூட்டம்) வையுங்கள்.

8. மேனேஜரிடம் ஓர் ஒப்பந்தம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். போர்டில் உள்ள எண்களை வைத்து அப்ரைசலில் மதிப்பெண் போட்டால், அடுத்த நாளே போர்டு மாறும். 3 பாயின்ட் (வேலையின் அளவை மதிப்பிடும் எண்) வேலைக்கு 8 பாயின்ட் போடுவார்கள், சிக்கிய டிக்கெட்டைச் சிக்கியதாகக் குறிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக் கடன் கட்டுபவர்கள்.

மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: டிக்கெட் எண்ணிக்கையையும் வெலாசிட்டியையும் (ஒரு ஸ்ப்ரின்டில் முடிக்கும் பாயின்ட்) தனிமனித மதிப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம், இரண்டு அணிகளின் வெலாசிட்டியை ஒப்பிட வேண்டாம். பதிலுக்கு நீங்கள் தரக்கூடியது: எந்த நேரமும் அவர் போர்டைத் திறந்து பார்க்கலாம், தடைகள் ஒரே நாளில் அவர் காதுக்கு வரும். பேசி முடித்ததும் அன்றே ஒரு மின்னஞ்சலில் அதை எழுதி அனுப்பிவிடுங்கள். எங்கள் மேனேஜர் மாறியபோது அந்த மின்னஞ்சல்தான் கைகொடுத்தது.

9. எதை எப்போது செய்வது

முதல் வாரம் பொறுப்புத் தாளும் 'முடிந்தது' வரையறையும். இரண்டும் சேர்த்து இரண்டரை மணி. மேனேஜருடன் பேச்சு அதே வாரத்தில், அரை மணி. இரண்டாவது வாரம் போர்டு வரிசைகள், 1 மணி. ஸ்ப்ரின்ட் நடுவில் வரையறையை மாற்றாதீர்கள், அடுத்த திட்டமிடலிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாத ஸ்ப்ரின்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி, ஸ்ப்ரின்ட் ரிவ்யூ (டெமோ காட்டும் கூட்டம்) 4 மணி, ரெட்ரோ 3 மணி என்பது ஸ்க்ரம் கைடின் உச்சவரம்பு. இரண்டு வார ஸ்ப்ரின்டுக்கு அதில் பாதிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

புதிதாக ஒருவர் அணியில் சேர்ந்தால் முதல் நாளே அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். அன்றே ஒரு சின்ன டிக்கெட்டையும் அவர் பெயருக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி, அதை அவர் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். எந்த வரிசைக்கு, ஏன் என்று அவர் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். பதில் சொல்வது ஒரு டெவலப்பராக இருந்தால் இன்னும் நல்லது.